கரண்ட் தொரட்டியும் கோலமாவு வட்டமும்

1. புரட்டாசி மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில், காலை எட்டரை மணிக்கு, எங்கள் வீட்டுக் கொல்லையில் மின்சாரத்தில் ஓடும் நீளக்கம்பு ரம்பத்தை இயக்கினேன்.
2. அதற்கு முன் அம்மா மாமரத்தைச் சுற்றிக் கோலமாவால் பெரிய வட்டம் போட்டாள்.
3. தெருவில் பாதிப் பேர் வந்துவிட்டார்கள். ஒருவர் கையில் வெற்றிலை, வாழைப்பழத் தட்டு.
4. வெட்ட வேண்டிய நான்கு கிளைகளில் மூன்று விழுந்தன.
5. நான்காவதை வெட்ட மாட்டேன் என்று ரம்பத்தைக் கீழே வைத்தேன்.
6. பதினோரு நாள் கழித்து, மின்கம்பத்தின் உச்சியிலிருந்து வயர்மேன் என் அப்பாவைப் பார்த்துக் கத்தினார்.
7. யாருக்கும் காயம் இல்லை.

ஏழாவது வரியை முதலில் எழுதியிருக்க வேண்டும். படிக்கிறவர் பதறக்கூடாது அல்லவா. என் பிழைப்பே அதுதான். மெக்கானிக்கல் படித்துவிட்டு, இயந்திரங்களோடு பெட்டிக்குள் வருகிற சிறு புத்தகங்களை எழுதுகிறேன். கிரைண்டர், தண்ணீர் மோட்டார், புல்வெட்டி, எது வந்தாலும் எழுதுவேன். ‘பயன்படுத்துமுன் முழுவதும் படிக்கவும்’ என்ற வரியை எத்தனை முறை எழுதியிருப்பேனோ தெரியாது. அதன்படி முழுவதும் படித்த ஒருவரை இதுவரை நேரில் சந்தித்ததில்லை.

வீடு மன்னார்குடியிலிருந்து பஸ்ஸில் அரை மணி நேரம். முன்னால் தெரு. பின்னால் கொல்லை, கொல்லைக்குப் பின்னால் வாய்க்கால், அதைத் தாண்டினால் அப்பாவின் வயல். நான் கூடத்தில் உட்கார்ந்து மடிக்கணினியில் வேலை பார்க்கிறேன். மீட்டிங் நடுவே எங்கள் மாடு கத்தினால், பெங்களூரில் இருக்கும் மேலாளர் அதற்கும் காலை வணக்கம் சொல்வார்.

அந்த மாட்டின் கொட்டகை மேல்தான் மாமரம் சாய்ந்திருந்தது. மூன்று கிளைகள் ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டின் மேல் கவிந்திருந்தன. நான்காவது, தெருக் கம்பத்திலிருந்து கூரை மேலாகப் பின்கட்டு மீட்டருக்கு வரும் சர்வீஸ் வயர் பக்கமாக வளர்ந்திருந்தது; கீழிருந்து பார்த்தால் நல்ல இடைவெளி இருப்பதாகத்தான் தெரிந்தது. அப்பாவுக்கு அந்த மரத்தைப் பார்த்தாலே தூக்கம் கெட்டது. முன்பு ஒரு புயலில் எதிர்வீட்டுத் தென்னை, அவர்கள் கொட்டகையின் மேல் விழுந்து பசு செத்துப்போனதை அவர் கண்ணால் பார்த்தவர். ஐப்பசி மழை வருமுன் மரத்தை அடியோடு எடுத்துவிடுவது என்று முடிவு செய்து, மரம் வெட்டுகிறவரிடம் போனில் பேசியும் விட்டார்.

அம்மா அதைக் கேட்டாள். இரண்டு நாள் சாதத்தோடு ஊறுகாய் வைக்கவில்லை, அவ்வளவுதான். எங்கள் வீட்டு மாவடு அந்த மரத்துடையது. தெருவில் எந்த வீட்டு விசேஷத்துக்கும் தோரணம் கட்ட மாவிலை ஒடிப்பதும் அந்த மரத்தில்தான். மூன்றாம் நாள் மோர்சாதத்தை வெறுமனே விழுங்கிக்கொண்டே அப்பா கேட்டார்:

“என்னதான் செய்யச் சொல்ற?”

“நான் என்ன சொன்னேன்? உங்க மாடு, உங்க கொட்டகை. மரம் மட்டும் யாருதோ.”

அப்போதுதான் நான் குறுக்கே வந்தேன். சாய்ந்த நான்கு கிளைகளையும் எடுத்துவிட்டால் மரம் கொட்டகையின் மேல் விழ வழியில்லை என்று ஒரு தாளில் படம் போட்டுக் காட்டினேன். ஏறி வெட்ட ஆள் வேண்டாம், நானே தரையில் நின்று வெட்டுகிறேன் என்றேன். சிங்கப்பூரிலிருந்து அண்ணன் ஆடி மாதம் வந்தபோது ஒரு பெட்டி கொண்டுவந்திருந்தான். உள்ளே மின்சார ரம்பம். நுனியில் பல் வைத்த சங்கிலி, அடியில் விசை, நடுவில் இழுத்தால் நீளும் அலுமினியக் கம்பு. அதை அப்பா அதுவரை தேங்காய் பறிக்கும் கருவி என்று நினைத்துக்கொண்டிருந்தார்.

“நாலு கொப்பும் போவணும்,” என்றார் அப்பா. “மூணரைன்னு வந்து நிக்கக்கூடாது. ஒண்ணு நின்னாலும் மரம் போயிரும்.”

“சரிப்பா.”

ஒப்பந்தம் இதுதான். அம்மா அன்றிரவே மாவடு ஜாடியைத் திறந்தாள்.

பெட்டிக்குள் இருந்த புத்தகம் ஆறு மொழிகளில் இருந்தது. தமிழ் ஏழாவதாகக்கூட இல்லை. சக தொழிலாளி யாரோ சிரத்தையாக எழுதியிருந்தார். மரியாதைக்காக முழுவதும் படித்தேன். பிறகு பழைய மாதக் காலண்டர் தாளின் பின்புறம் பெரிய எழுத்தில் தமிழில் எழுதிக் கொட்டகைச் சுவரில் ஒட்டினேன். பதினான்கு வரி. ஏணியில் நின்று இயக்கக்கூடாது. வெட்டும் கிளைக்கு நேர் கீழே நிற்கக்கூடாது. இரண்டு கையாலும் பிடிக்க வேண்டும். ஈரத்தில் கூடாது. சங்கிலியைத் தொடுமுன் ப்ளக்கைப் பிடுங்க வேண்டும். கிளை விழும்போது பின்வாங்க வழியைப் பார்த்து வைத்திருக்க வேண்டும். மின்கம்பியிலிருந்து பத்து அடிக்குள் போகவே கூடாது. இப்படியே பதினான்கு. அப்பா கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தார்.

“இவ்வளவும் செய்யிறதுக்குள்ள மாடே செத்துரும்,” என்றார்.

ஆனால் படித்தார். முழுவதும் படித்தார். என் தொழில் வாழ்க்கையில் அது முதல் முறை.

சனிக்கிழமை எனக்கு விடுமுறை என்பதால் அந்த நாளைக் குறித்தேன். அது புரட்டாசிச் சனிக்கிழமை என்பது என் பட்டியலில் இல்லை. அதன் பலனைப் பின்னால் சொல்கிறேன்.

காலையில் மாட்டை வாசலில் கொண்டுபோய்க் கட்டினோம். மின்கசிவு இருந்தால் தானே அணையும் ஸ்விட்சை அதற்கு முந்தின வாரமே எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு மெயின் பெட்டியில் போட வைத்திருந்தேன். அது வேலை செய்கிறதா என்று சோதனைப் பொத்தானை அழுத்தினேன். டப்பென்று வீடு முழுவதும் அணைந்தது. அடுப்படியிலிருந்து குரல் வந்தது.

“யாரு அது? சட்னி பாதில நிக்குது!”

“சரியா வேலை செய்யுதும்மா.”

“உனக்கு வேலை செய்யுது. எனக்குச் செய்யலயே.”

அப்பாவின் முழுக்கைச் சட்டை, மஞ்சள் ஹெல்மெட், கண்ணாடி, கையுறை, ஷூ எல்லாம் போட்டுக்கொண்டு கொல்லைக்கு வந்தேன். வேலியோரம் நின்ற எதிர்வீட்டு அத்தை வாயில் கை வைத்தாள். உறவில்லை, பிறந்ததிலிருந்து அத்தை என்று கூப்பிட்டுப் பழக்கம். அவர்கள் வீட்டில் பந்தல், லைட், சவுண்டு சர்வீஸ் வியாபாரம். சுற்றுவட்டாரக் கல்யாணங்களில் பாதிக்கு வெளிச்சம் அவர்கள் வீட்டிலிருந்துதான் போகும்.

“ஏண்டி, கொப்பு வெட்டப் போறியா, நிலாவுக்குப் போறியா?”

“கொப்புதான் அத்தை.”

“அதுக்கு ஒரு தொரட்டி போதாதா?”

நுனியில் அரிவாள் கட்டிய நீளக் கழிதான் தொரட்டி. முருங்கைக்காய் பறிக்க, மாங்காய் அறுக்க, எல்லா வீட்டிலும் சுவரோரம் ஒன்று சாய்ந்திருக்கும். நான் ரம்பத்தைத் தூக்கிக் காட்டினேன். அத்தை மேலும் கீழும் பார்த்தாள்.

“அட, இதுவும் தொரட்டிதான். கரண்ட் தொரட்டி.”

பெட்டியின் மேல் இருந்த ஆங்கிலப் பெயர் அந்த நிமிடத்தோடு ஒழிந்தது.

எனக்கு இருந்த ஒரே கவலை ஆட்கள். எங்கள் ஊரில் மரம் வெட்டுவதைத் தள்ளி நின்று பார்க்கும் பழக்கம் கிடையாது. வெட்டுகிற இடத்துக்கு நேர் கீழே வந்து, கழுத்தை நிமிர்த்தி, ‘இன்னும் கொஞ்சம் சோத்தாங்கைப் பக்கம்’ என்று யோசனை சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் வெட்டுகிறவருக்கு மரியாதை தரவில்லை என்று அர்த்தம். அதற்காக மன்னார்குடியில் சிவப்பு வெள்ளை நாடா வாங்கி, கிளை நீளத்தைப் போல இரண்டு மடங்கு தள்ளி, நாலு குச்சி நட்டுக் கட்டியிருந்தேன். அத்தை இடது கையால் அதைத் தூக்கிவிட்டு, குனிந்து உள்ளே வந்து, என் பக்கத்தில் நின்றுகொண்டாள்.

“அத்தை, நாடா கட்டியிருக்கேன் பாருங்க.”

“பார்த்தேன் பார்த்தேன். அழகா இருக்கு.”

பின்னாலேயே அப்பா. நாடாவின் மறுபக்கத்தில் ஒரு நீளத்தைக் காணவில்லை; கீரைக்கட்டைக் கட்ட எடுத்தாராம்.

அம்மா அடுப்படிக் கதவில் நின்று இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தாள். “இரு,” என்று உள்ளே போனாள். கோலமாவு டப்பாவோடு வந்தாள்.

“கயித்தைக் கட்டுனா தாண்டுவாளுவ. கோலத்தை மிதிக்க மாட்டாளுவ.”

நான் அளந்து வைத்த இடத்தில் இழை பிசகாமல் இரட்டைக் கோடாக வட்டம் இழுத்தாள். கை நிற்கவில்லை போலிருக்கிறது. நாலு பக்கத்துக்கு நாலு தாமரையும், செம்மண் கரையும் வைத்தாள். கரை வைக்கும்போதே அத்தை மெல்ல நகர்ந்து வட்டத்துக்கு வெளியே போய் நின்றுவிட்டாள். யாரும் சொல்லவில்லை. அப்பாவும் வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓர் எட்டு பின்னால் வைத்தார். எத்தனையோ எச்சரிக்கைப் படங்கள் வரைய வைத்திருக்கிறேன். மண்டையோடு, மின்னல், குறுக்குக் கோடு போட்ட கை. இதைவிட வேகமாக வேலை செய்த படம் ஒன்றைக்கூட நான் பார்த்ததில்லை.

ஆனால் அத்தை வீட்டுக்கு ஓடினாள். புரட்டாசிச் சனிக்கிழமை, கொல்லையில் செம்மண் கரை வைத்த கோலம், வெள்ளைச் சட்டையில் பெண். அவளுக்கு வேறு எப்படித் தோன்றும்? போகிற வழியில் இரண்டு வீட்டில் சொல்லியிருக்கிறாள். பத்து நிமிடத்தில் கொல்லைக் கதவருகே செருப்புகள் வரிசையாகக் கழற்றி விடப்பட்டிருந்தன. அத்தை கையில் தட்டு. பின்னால் பதினைந்து பேர், வெறுங்காலோடு, ஒருவர் நெற்றியில் புதிதாக நாமம்.

“மாவிளக்கு எப்போ?” என்றார் நாமக்காரர்.

“மாவிளக்கு இல்லைங்க. மரம் வெட்டுறேன்.”

“மரம் வெட்டவா கோலம் போட்டிருக்கு?”

“ஏன், மரத்துக்கு ஒரு நாள் நல்லது செய்யக்கூடாதா?” என்றாள் அம்மா, டப்பாவை மூடிக்கொண்டே.

சிராய் தெறிக்கும், எல்லாரும் செருப்பு போட்டுக்கொள்ளுங்கள் என்றேன். தட்டை வைத்துக்கொண்டு செருப்பு போடுவது எப்படி என்று அத்தை தவித்தாள். கடைசியில் தட்டைத் துணி துவைக்கும் கல்லின் மேல் வைத்துவிட்டு எல்லாரும் செருப்பு போட்டுக்கொண்டு வட்டத்துக்கு வெளியே திருவிழா பார்க்கிற மாதிரி நின்றார்கள். ஒரு விரல்கூட உள்ளே வரவில்லை. யோசனைகள் மட்டும் வந்தன.

அப்பாவுக்கு நான் ஒரு பொறுப்பு கொடுத்திருந்தேன். ப்ளக் பொறுப்பு. பின்கட்டுச் சுவரில் இருக்கும் ப்ளக் பாயிண்டுக்குப் பக்கத்தில் முக்காலியில் உட்கார வேண்டும். நான் இடது கையைத் தூக்கினால் பிடுங்க வேண்டும். நான் சொன்னால் ஒழியச் சொருகக்கூடாது. அவர் அந்த வேலையை அணைக்கட்டு மதகுக் காவல் போல எடுத்துக்கொண்டார். யாரோ அவரிடம் பேச்சுக் கொடுத்ததற்கு, “ட்யூட்டில இருக்கேன்,” என்றது என் காதில் விழுந்தது.

முதல் கிளை. நுனியிலிருந்து துண்டு துண்டாகத்தான் எடுக்க வேண்டும். ஒவ்வொன்றுக்கும் முதலில் அடியிலிருந்து சிறு வெட்டு, பிறகு அதற்குச் சற்று வெளியே மேலிருந்து முழு வெட்டு. அடிவெட்டு இல்லாவிட்டால் கிளை பாதியில் ஒடிந்து, தொங்கி, தண்டின் பட்டையை நீளத்துக்கு உரித்துக்கொண்டு வரும்.

“எதுக்கு ரெண்டு வெட்டு? ஒரே வெட்டுல விழாதா?” என்றார் நாமக்காரர்.

“விழும். தோலையும் உரிச்சுக்கிட்டு விழும்.”

“பின்ன? நம்ம நகத்தைத் தோலோட பிச்சா எரியுதுல்ல,” என்று அம்மா வெளியிலிருந்து விளக்கம் சொன்னாள். கூட்டம் தலையாட்டியது. அதற்குப் பிறகு ஒவ்வோர் அடிவெட்டுக்கும் ‘ம், நகம், நகம்’ என்று குரல் வந்தது.

இரண்டாவது கிளையும் ஒழுங்காக இறங்கியது. மூன்றாவதில் சங்கிலி கிளைக்குள் மாட்டிக்கொண்டது. கிளை கீழே அமர்ந்து வெட்டின் வாயை மூடிவிட்டது. இடது கையைத் தூக்கினேன். அப்பா ப்ளக்கைப் பிடுங்கி, அதைத் தலைக்கு மேல் உயர்த்திக் காட்டினார். இதெல்லாம் சரியாகவே நடந்தது. அடுத்து தொரட்டியால் கிளையைத் தூக்கிப் பிடிக்க ஓர் ஆள் வேண்டும். அப்பா தொரட்டியோடு வந்து வட்டத்தின் ஓரத்தில் நின்றார். குனிந்து பார்த்தார். அந்தப் பக்கம் போனார், இந்தப் பக்கம் வந்தார்.

“வழி விடாம போட்டிருக்காளே உங்கம்மா.”

“மிதிச்சுட்டு வாங்கப்பா, பரவால்ல.”

“புரட்டாசிச் சனிக்கிழமையா?”

வேட்டியை முழங்காலுக்கு மேல் மடித்துக் கட்டி, நாலு எட்டு பின்னால் போய், நாற்று முடிச்சோடு வரப்பு தாண்டுகிற மாதிரி ஒரே தாவாகத் தாவினார். கைதட்டினார்கள். மூன்றாவது கிளை விழுந்தது.

நான்காவதின் கீழ் போய் நின்று அண்ணாந்து பார்த்தபோதுதான் சரியாகத் தெரிந்தது. தரையிலிருந்து அளந்தபோது இலை மறைத்திருக்கிறது. கிளைக்கும் வயருக்கும் நடுவே ஒரு சாண்கூட இல்லை. காற்றடிக்கும்போதெல்லாம் உரசி உரசி ஓரிடத்தில் வயரின் மேலுறை தேய்ந்து, உள்கம்பி வெள்ளையாகப் பளபளத்தது. என் கையில் இருப்பது அலுமினியக் கம்பு. வீட்டுக்குள் நான் போட வைத்த ஸ்விட்ச் அந்த வயருக்குக் காவல் இல்லை. அது மீட்டருக்கு அப்புறம் இருப்பது, வயர் மீட்டருக்கு முன்னால் இருப்பது.

ரம்பத்தைக் கீழே வைத்தேன்.

“என்னாச்சு?”

“இதை நான் வெட்டலைப்பா.”

கூட்டத்தில் எல்லாருக்கும் வழி தெரிந்திருந்தது. கம்பில் சைக்கிள் ட்யூப் சுற்றலாம் என்றார் ஒருவர். ரப்பர் செருப்பு போதும் என்றார் நாமக்காரர், தன்னுடையதைக் கழற்றிக் காட்டியபடி. மெயினை அணைத்துவிட்டு வெட்டேன் என்றாள் அத்தை. மெயினை அணைத்தால் வீட்டுக்குள்தான் அணையும், அந்த வயரில் அணையாது என்றேன். அப்பா மரத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

“நாலுன்னு பேச்சு.”

“தெரியும்பா.”

“ஒண்ணு நிக்குது. காத்துல அதுதான் முதல்ல முறியும். முறிஞ்சு வயரோட கொட்டகை மேல விழும். இதைத்தான் நான் பயந்தேன். புதன்கெழமை ஆளை வரச் சொல்றேன்.”

அவர் பயம் நியாயமானது. அதுதான் எனக்குக் கஷ்டம். அம்மா வட்டத்துக்கு வெளியே நின்று டப்பாவின் மூடியைத் திருகிக்கொண்டிருந்தாள், திறக்கவும் இல்லை, மூடவும் இல்லை.

காப்பாற்றியது அத்தை. “ஏன் அண்ணே, தை மாசம் எங்க வீட்டுல வளைகாப்பு. தோரணத்துக்கு மாவிலை யார் வீட்டுல ஒடிக்கிறது? மன்னார்குடி கடையிலயா?” அடுத்து இன்னொருவர் வீட்டு நிச்சயதார்த்தம் வந்தது. அப்பாவின் முகத்தில் ஒரு மரம் எத்தனை வீட்டு நிலைவாசல் என்ற கணக்கு ஓடியது. மாதாந்திர மின்தடை பதினோரு நாளில் வருகிறது, தெருவில் லைனைத் தொடும் கிளைகளை வெட்ட அன்று வயர்மேன் வருவார், அன்றைக்கு முடித்துவிடுகிறேன் என்றேன்.

“அன்னிக்குச் சாயங்காலம் வரைக்கும்தான்,” என்றார் அப்பா. “மறுநாள் காலைல ஆள் வரும். மாத்த மாட்டேன்.”

அந்தப் பதினோரு நாளில் நான் இரண்டாவது பட்டியல் எழுதினேன். மின்வாரிய அலுவலகத்தில் மனு. கம்பத்தில் நம் வீட்டு ஃபியூஸைப் பிடுங்க ஏற்பாடு. கிளையை இழுத்துப் பிடிக்கக் கயிறு. கூர் பார்த்த சங்கிலி, சங்கிலிக்கு எண்ணெய். இதுவும் பதினான்கு வரி வந்தது. எனக்கு அது பிடித்த எண் போலிருக்கிறது. மின்தடை நாள் காலை ஒன்பது மணிக்குச் சொன்னபடி கரண்ட் போனது. ஹெல்மெட்டோடு இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். அம்மா இன்னொரு இட்லி வைத்தபடி சாதாரணமாகக் கேட்டாள்:

“ஆமா, கரண்ட்தான் இல்லையே. உன் தொரட்டி எதுல ஓடும்?”

இட்லி வாய்க்குப் போகாமல் நின்றது. கம்பியில் கரண்ட் இருந்தால் வெட்டக்கூடாது. கரண்ட் இல்லாவிட்டால் வெட்ட முடியாது. பதினான்கு வரியில் மின்சார ரம்பத்துக்கு மின்சாரம் வேண்டும் என்ற வரி இல்லை.

அப்பா சிரிக்கவில்லை. எழுந்து கை கழுவினார். “ப்ளக் பொறுப்பு யாருது?” என்று கேட்டுவிட்டு வெளியே போனார். அவர் போனது மரம் வெட்டுகிறவருக்குப் போன் பண்ண என்று நினைத்தேன். கொல்லையில் போய் மரத்தடியில் நின்று யோசித்தேன். அம்மா பழையபடி வட்டம் போட ஆரம்பித்தாள்.

சற்று நேரத்தில் வாசல் பக்கம் தடதடவென்று ஜெனரேட்டர் சத்தம் கேட்டது.

நான் சாதாரணமாக ஓடுகிறவள் இல்லை. அன்று ஷூவோடு கூடம், ரேழி எல்லாவற்றையும் தாண்டி ஓடினேன். அத்தை வீட்டுக் கல்யாண ஜெனரேட்டர் எங்கள் வாசலில் நின்று அதிர்ந்துகொண்டிருந்தது. அப்பா கையில் இரண்டு முனையிலும் ப்ளக் வைத்த ஒரு வயர். எங்கள் தெருவில் எல்லாருக்கும் அந்த வயரைத் தெரியும். புயலுக்குப் பிறகு வாரக்கணக்கில் கரண்ட் இல்லாதபோது, ஒரு முனையை ஜெனரேட்டரிலும் மறுமுனையை வீட்டு ப்ளக் பாயிண்டிலும் சொருகி, தெரு முழுவதும் தொட்டி நிரப்பியதும் போன் ஏற்றியதும் அதில்தான். ஒரு முனை ஏற்கெனவே ரேழிச் சுவரில் சொருகியிருந்தது. மறுமுனையோடு அப்பா ஜெனரேட்டரை நோக்கிக் குனிந்துகொண்டிருந்தார்.

“அப்பா, நிறுத்துங்க! மெயினை அணைச்சீங்களா?”

“எதுக்கு? கரண்ட்தான் இல்லையே.”

“அப்பா, கைய எடுங்க!”

“ஃபேனும் ஓடும், உன் தொரட்டியும் ஓடும். நாந்தானே ப்ளக்குக்குப் பொறுப்பு?”

அவர் கையிலிருந்து அந்த முனையைப் பிடுங்கினேன். அதே நேரம் தெருமுனையிலிருந்து கத்தல் வந்தது. ஜெனரேட்டர் சத்தம் கேட்டு, கம்பத்தின் உச்சியில் இடுப்பில் பெல்ட்டோடு நின்ற வயர்மேன் எங்கள் பக்கம் திரும்பியிருந்தார்.

“ஐயா! ஜெனரேட்டரு யாரு வீட்டுலய்யா? மேல ஆள் இருக்கேன்யா! ஆள்!”

அத்தைதான் ஓடிப்போய் ஜெனரேட்டரை அணைத்தாள். சட்டென்று தெரு அமைதியானது. நான் அப்பாவிடம் மெதுவாகத்தான் சொன்னேன்: “இங்க சொருகினா வீட்டோட நிக்காதுப்பா. மீட்டர் வழியா வயருல ஏறி, கம்பத்துக்குப் போவும்.”

அப்பா அந்த வயர் போகும் வழியைக் கண்ணால் பின்தொடர்ந்தார். சுவர், மீட்டர், சர்வீஸ் வயர், மாங்கிளை, கம்பம். கம்பத்தின் உச்சியில் முடிந்தது பார்வை. பிறகு படியில் உட்கார்ந்துவிட்டார்.

வயர்மேன் இறங்கி வந்தார். கோபமாக இருப்பார் என்று நினைத்தேன். இருந்தார், ஆனால் அம்மா நீட்டிய மோரை முதலில் குடித்தார்.

“கரண்ட் வந்தாலும் மண்ணுல இறங்குற மாதிரி, கீழ லைனுக்குச் சங்கிலி போட்டு எர்த் பண்ணித்தான் ஏறியிருக்கேன். அந்தச் சங்கிலியை நம்பி ஏறுறேன். உங்களை நம்பி இல்ல.”

“தப்புதான் தம்பி,” என்றார் அப்பா. எங்கள் வீட்டில் அந்தச் சொல் அதிகம் புழங்குவதில்லை.

“புயலப்போ எல்லாரும் செஞ்சதுதான். அப்ப உங்க அதிர்ஷ்டம், எங்க அதிர்ஷ்டம்.” இன்னொரு டம்ளர் கேட்டார். “சரி, எந்தக் கொப்பு?”

எங்கள் வீட்டு ஃபியூஸைக் கம்பத்திலேயே பிடுங்கித் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். கொல்லைக்கு வந்தவர் வட்டத்தின் ஓரத்தில் தயங்கி நின்றார். “மிதிக்கலாமாம்மா?” அம்மா இந்த முறை வழி விட்டே போட்டிருந்தாள், தெற்குப் பக்கம் ஓர் ஆள் நுழையும் அகலம். கிளையில் கயிறு கட்டி, கயிற்றின் மறுமுனையை என்னிடமும் அப்பாவிடமும் கொடுத்துத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு, கைரம்பத்தால் அறுத்தார். அடிவெட்டு முதலில். நான் சொல்லவில்லை, அவருக்கே தெரிந்திருந்தது. வேலியோரத்திலிருந்து அத்தை மட்டும், “நகம்,” என்றாள். கால் மணி நேரத்தில் நான்காவது கிளை, கயிற்றில் மெல்ல ஆடி, வயரைத் தொடாமல் இறங்கியது.

“இதுக்கா ஹெல்மெட்டு, ஜெனரேட்டரு?” என்று கேட்டுவிட்டு வயர்மேன் போனார்.

அப்பா கொட்டகைக்குப் போய் அரிவாளை எடுத்து வந்தார். இரட்டை ப்ளக் வயரைத் துணி துவைக்கும் கல்லின் மேல் வைத்து நடுவில் ஒரே வெட்டு. பிறகு மரம் வெட்டுகிறவருக்குப் போன் செய்து, வேலை இல்லை என்றார். ஏன் என்று அந்தப் பக்கம் கேட்டிருக்க வேண்டும். “நாலும் போயிருச்சு,” என்றார் அப்பா. யார் வெட்டியது என்று சொல்லவில்லை. அன்று மாலை கொட்டகைச் சுவரில் என் பட்டியலைப் பார்த்தேன். பதினைந்தாவதாக ஒரு வரி, அப்பாவின் சாய்ந்த எழுத்தில்: ‘மேல ஆள் இருக்கானா பார்.’

இப்போதைய நிலவரம்: ஐப்பசி மழை வந்து போயிற்று. கொட்டகை ஷீட்டில் ஒரு விரிசல்கூட இல்லை. தேய்ந்த சர்வீஸ் வயரை மாற்றிவிட்டார்கள். ரம்பம் சங்கிலி உறையோடு கொட்டகையில் தொங்குகிறது. கோலமாவை எறும்பு தின்றுவிட்டது. செம்மண் கரையை மழை கொண்டுபோயிற்று. அத்தை வீட்டு வளைகாப்புக்கு நேற்று இலை ஒடித்தாயிற்று. மாமரம் நிற்கிறது, கிழக்குப் பக்கம் பூ வைத்திருக்கிறது.